ஒரு காதும் இரண்டு குரல்களும்

இன்று காலை செவ்வாய்ப்பேட்டை மண்டியில், ஈரமண் ஒட்டிய பச்சை நிலக்கடலை மூட்டையைப் பிரித்தார்கள். அந்த வாசனையில், எருமப்பட்டியில் உன் காட்டு வரப்பில் நாம் உட்கார்ந்திருந்த பகல் நினைவுக்கு வந்தது. நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. ஆனாலும் உன்னிடம்தான் சொல்லத் தோன்றுகிறது.

சேலத்தில் இருவரும் ஒன்றாகக் கணக்குப் படித்தோம். அறுபதுகளில் நீ வான்காப்பு ரேடார் நிலையமொன்றில் சேர்ந்தாய். நான் ஓர் ஆய்வுக்கூடத்தில், அறையையே அடைத்துக்கொண்டு நின்ற கணிப்பொறியோடு மல்லுக்கட்டினேன். உங்கள் நிலையத்தில் ஒத்திகை நடந்தது. பகை விமானங்கள் வருவதாகப் பாவனை. திரையைப் பார்ப்பவர்கள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, நீ வரைபட மேசையில் குறிக்க வேண்டும். ஒரு விமானம் குறியே விழாமல் உள்ளே நுழைந்துவிட்டது. பழி உன்மேல் விழுந்தது. விசாரணை முடியும்வரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதை ஆராயும் வேலை எங்களிடம் வந்தது. ஒருவர் கேட்க, பேச, குறிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத் துளையிட்ட அட்டைகளில் ஏற்றி, உங்கள் குழுவையே கணிப்பொறிக்குள் நடத்திப் பார்த்தோம். உன் இடத்தில் வேகமான ஆளையும் உட்காரவைத்தோம். விமானங்கள் பெருகியதும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்திலேயே செய்தி தேங்கியது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள்; கேட்க ஒரே ஆள். மேலதிகாரிகள் அதை ஒப்புக்கொண்டதும், அனுமதி வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன்.

"வாங்க சாமி, அவனுக்குச் சோறே எறங்கலீங்க," என்று உன் அம்மா காட்டுப் பக்கம் கைகாட்டினார். கடலைச்செடி பிடுங்கிக்கொண்டிருந்த நீ நிமிரவே இல்லை.

"உன் தப்பு இல்லப்பா. அந்த எடத்துல யாரு இருந்தாலும் விட்டிருப்பாங்க. மெஷின்ல போட்டுப் பாத்துட்டோம்."

"நெசமாவா பாய்? என்னையத் தேத்தறதுக்குச் சொல்லலையே?"

"உனக்குப் பக்கத்துல இன்னொரு ஆளைப் போடப்போறாங்க. உன்னைத் திரும்ப வரச் சொல்லிட்டாங்க."

வரப்பில் பொத்தென்று உட்கார்ந்தாய். அழுகிறாய் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாய். "அம்மோவ்! பாய்க்கும் எனக்கும் சோறு போடு!" என்று கத்தினாய். எனக்கும் அப்போதுதான் பசி தெரிந்தது.

பிறகு நீயே அந்த மேசைக்குப் பொறுப்பாளன் ஆனாய். யாராவது தவறவிட்டால், "அந்நேரம் உன்கிட்ட எத்தன பேரு பேசிட்டு இருந்தாங்க சாமி?" என்றுதான் முதலில் கேட்பாயாம்.

போன வாரம் எங்கள் வீட்டில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மருமகள் பயந்துபோய் நின்றாள். "அந்த நேரத்துல உன்னை எத்தனை பேரும்மா கூப்பிட்டாங்க?" என்று கேட்டேன்.

மூன்று விரல்களைக் காட்டினாள். அதில் ஒருவன் நான்.