ஆடி முடியட்டும் என்று வைத்த கடிதம்

ஆக. 18, திங்கள்
தூறல். ஆவணி இரண்டு. முழுகிவிட்டு, சாமித்தட்டில் இருந்த உறையை எடுத்துக்கொண்டு வோபர்னில் இருக்கிற லோயரிடம் போனேன். மகள் சுகி லீவு போட்டுக் கூட வந்தாள்.

உறைக்குள் மகன் ரமணன் சிறையிலிருந்து எழுதி, லோயரிடம் கொடுக்கச் சொல்லி எனக்கு அனுப்பிய மனு. கொலைக்கு ஆயுள் தண்டனை. இருபத்தைந்து வருடம் போகாமல் பரோல் இல்லை. பதினைந்து முடிந்ததும் அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். 2011 டிசம்பருக்குப் பிறகு கொலை செய்தவர்களுக்கு அந்தச் சட்டமே இல்லை. என் மகனுக்கு உண்டு.

லோயர் பிள்ளை அவன் பிடிபட்ட திகதியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். பதினைந்து வருடம் முடிந்து தொண்ணூறு நாளுக்குள் கொடுக்க வேண்டுமாம். போன கிழமையோடு அந்தத் தவணை முடிந்துவிட்டது. இனி ஐந்து வருடம் கழித்துத்தான்.

"ஏன் அன்ரி இவ்வளவு நாளும் வைச்சிருந்தனீங்கள்?"

ஆடியில் நல்ல காரியம் தொடங்குவதில்லை என்றேன்.

ஆக. 19, செவ்.
வெயில். வாங்க: பால், முருங்கையிலை, பிரஷர் மாத்திரை.
மோர்னிங்சைட் கடையில் முருங்கையிலைக் கட்டை எடுத்தபோது முதுகுக்குப் பின்னால் பிரதீப். ரமணன் கொன்ற பிரதீப். அவனுடைய கூட்டாளி, என் கையால் சாப்பிட்ட பிள்ளை. முருங்கையிலை வறை என்றால் இரண்டாம் தரமும் கேட்பான். இன்னும் இருபத்திரண்டு வயதுதான் அவனுக்கு. திரும்பிப் பார்க்கவில்லை. கட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பாலும் வாங்கவில்லை.

ஆக. 20, புதன்
ரமணன் போன் எடுத்தான். கொடுத்தாச்சா என்று கேட்கவில்லை. கொடுத்துவிட்டேன் என்று ஜூலையிலேயே சொல்லிவிட்டேனே. மனுவை விசாரிக்கப்போகிற ஜூரிக்குச் சொல்லப்போவதை எழுதி வைத்திருக்கிறானாம், வாசித்துக் காட்டினான். நல்லாயிருக்கு என்றேன். பாவி நான்.

ஆக. 21, வியா.
புழுக்கம். லோயர் போன் எடுத்தாள். ஒரு வழி இருக்கிறதாம். பிந்தியது அவனுடைய கையை மீறிய காரணத்தால் என்றால் நீதிபதி நாள் நீட்டிக் கொடுக்கலாம். நான் சத்தியக் கடதாசி தர வேண்டும்: உறை எப்போது வந்தது, ஏன் வைத்திருந்தேன்.

எழுத உட்கார்ந்தேன். சுகி உறையைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தாள்.

"அம்மா, இது ஜூன் தொடக்கத்திலை வந்தது. ஆடி பிறக்க ஆறு கிழமை கிடந்ததே."

ஓம். ஆறு கிழமை. ஒவ்வொரு நாளும் அந்தத் தட்டுக்கு முன்னால்தான் விளக்கு வைத்தேன்.

எழுதிவிட்டேன். ஆடி காரணமில்லை. மகன் வெளியில் வந்து என் மேசையில் சாப்பிட உட்காருவான் என்று பயந்தேன். கையெழுத்தும் வைத்தாச்சு.

லோயர் வாசிப்பாள், நீதிபதி வாசிப்பார். ரமணனுக்கும் ஒரு பிரதி போகுமாம்.