முன்வாசல் தொண்டர்கள்

ஆனி 2, திங்கள்

சொல்லுக்கு முன்னும் சொல்லுக்குப் பின்னும் நிற்கும் பெருமானே, உன்னை வணங்கி இந்நாளை எழுதத் தொடங்குகிறேன். இவ்வெழுத்தில் பொய் புகாமல் காப்பாயாக. பெருமை புகாமல் காப்பது உனக்கே கடினம், முயன்று பார்.

காலையில் நூலகத்துக்குப் பள்ளியின் பின்வாசல் வழியே போனேன். அந்தச் சந்தில்தான் கிடங்குக்குச் செல்லும் லாரிகள் திரும்புகின்றன. நடந்து வரும் பிள்ளைகள் சாலையைக் கடப்பதும் அங்கேதான். காரில் வருவோர் முன்வாசலில் இறங்குகிறார்கள். முன்வாசலுக்குச் சிவப்பு விளக்கு உண்டு. 'நில்' பலகை ஏந்திய நகராட்சிக் காவற்பெண் ஒருத்தியும் உண்டு; பிள்ளைகள் அவளை விசிலக்கா என்கிறார்கள். பின்வாசலுக்கு உள்ளவன் நீ ஒருவனே.

ஒரு சிறுமியின் தண்ணீர்ப் புட்டி கைநழுவி உருண்டது. அதன் பின்னால் அவள் ஓடினாள். லாரி அலறிக்கொண்டு நின்றது. அவள் தோளுக்கும் அதன் முகப்புக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கும். எல்லா உயிரிடத்தும் அன்பு வேண்டும் என்னும் பொருளுடைய பாடல் ஒன்றை நான் அப்போது முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பாடலை நிறுத்தவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஆனி 3, செவ்வாய்

விசிலக்காவிடம் சொன்னேன். "ஒத்த ஆளு, ரெண்டு வாசல். என்னை ரெண்டா வெட்டிக்கவா சொல்றீங்க? ஆள் வேணும்னு கேட்டுக் கேட்டு ஆபீசுல என்னைக் கண்டாலே ஒளிஞ்சிக்கறாங்க. நீங்களாச்சும் நாலு பேரைக் கூட்டிட்டு வாங்கய்யா, புண்ணியமாப் போகும்" என்றாள்.

என்னை எங்கும் அழைத்துச் செல்லப் புண்ணியம் என்னும் அந்த ஒரு சொல் போதும்.

ஆனி 5, வியாழன்

எங்கள் செய்யுள் மன்றம் கூடியது. அனைவரும் ஓய்வு பெற்றவர்கள். பற்றறுத்தல் பற்றி அனைவரும் மணிக்கணக்கில் பேச வல்லவர்கள். பள்ளிச் சாலையில் தொண்டு செய்ய யார் வருவீர் என்று கேட்டேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. முதற்கை உரைகாரருடையது. பாடல்களுக்கு நான் சொல்லும் எந்தப் பொருளையும் இன்றுவரை ஒப்புக்கொள்ளாத நண்பர் அவர்.

செய்தி சொன்னதும் நகராட்சி அலுவலகம் பளபளக்கும் மேலங்கிகளையும் பலகைகளையும் அன்றே கொடுத்தனுப்பியது. கண்ணாடி முன் நின்று அணிந்து பார்த்தேன். "வாசல்ல கிடக்கற பால் பாக்கெட்டைக் குனிஞ்சு எடுக்க இடுப்பு வலிக்குது. ரோட்டுல போர்டு தூக்க மட்டும் வலிக்காதோ?" என்றாள் இல்லாள். மேலங்கி நன்றாகவே பொருந்தியது.

ஆனி 9, திங்கள்

முதல் நாள். தலைமையாசிரியை முன்வாசலில் கைகூப்பி வரவேற்றார். புகைப்படம் எடுத்தார்கள். அது முடிந்ததும், "சரி, பின்வாசலுக்குப் போவோமா?" என்றேன்.

ஒருவருக்குத் தூசி ஆகாது. ஒருவருக்கு மேடு பள்ளம் ஆகாது. "பழகின இடம், நாங்க இங்கயே நின்னுக்கறோமே" என்றார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். அவர் அவ்விடத்துக்கு வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

நான் மட்டுமாவது போயிருக்கலாம். ஆனால் தலைமையாசிரியை, "ஐயா, நீங்க நடுவுல நில்லுங்க" என்றார்.

பெருமானே, நடுவில் நின்றேன்.

ஆனி 12, வியாழன்

முன்வாசலில் இப்போது பிள்ளைக்கொரு மேலங்கி. காரிலிருந்து இறங்கும் குழந்தைக்கு வாசல் நாலு எட்டுதான். அதற்குள் மூன்று பெரியோர் அதை வழிநடத்திவிடுகிறோம். ஒவ்வொரு கூட்டம் கடக்கும்போதும் ஒரு வாழ்த்துப்பா சொல்வது என் வழக்கமாகியிருக்கிறது. பா முடியும்வரை பலகை இறங்காது. இன்று எண்சீர் விருத்தம் எடுத்தேன். "பெருசு, பாட்டு முடிஞ்சா ஒரு குரல் குடுங்க, வண்டியை எடுத்துக்கறேன்!" என்று ஒரு காரோட்டி தலையை நீட்டினார். முடிந்தது; ஆனால் மூன்றாம் அடிக்கு நான் கொள்ளும் பொருள் தவறென்று உரைகாரர் சாலை நடுவிலேயே மறுப்புரைக்கத் தொடங்கினார். கார்கள் அதற்கும் காத்திருந்தன.

விசிலக்காவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்துவிட்டது. "இப்படியே உக்காந்திருந்தா நான் உருண்டையாயிடுவேன்யா" என்று தேநீர் உறிஞ்சியபடி சிரித்தாள்.

பின்வாசலுக்கு இன்னும் நீ ஒருவனே.

ஆனி 16, திங்கள்

சாலைப் பாதுகாப்புப் பிரிவின் அதிகாரி பார்வையிட வந்தார். மிக மகிழ்ந்தார். எங்களைப் படம் எடுத்துக்கொண்டார். விசிலக்கா அமர்ந்திருந்த நாற்காலியையும் படம் எடுத்துக்கொண்டார். அதை ஏன் எடுத்தார்?

ஆனி 18, புதன்

நாற்காலி காலியாக இருந்தது.

மாலையில் விசிலக்கா வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னோம், வாசற்படியிலேயே நின்றாள். "வேலை இல்லைன்னு சொல்லிட்டாங்கய்யா. அதான் இத்தனை தொண்டருங்க இருக்காங்களே, நீ எதுக்குன்னு கேக்கறாங்க. நான் ஆள் கேட்டது கூட நிக்கறதுக்கு. என் இடத்துல நிக்கறதுக்கா கேட்டேன்? பொண்ணை இப்பதான் நர்சிங்ல சேர்த்திருக்கேன்... இனி எதை வெச்சுப் படிக்க வைப்பேன், சொல்லுங்க."

என்னத்தைச் சொல்ல! இத்தனை நூல் படிச்சு என்ன? நின்னேன், அவ்வளவுதான். மரம் மாதிரி நின்னேன்.

இல்லாள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து, "உங்க புண்ணியம் நல்லாத்தான் விளைஞ்சிருக்கு" என்றாள்.

ஆனி 19, வியாழன்

அலுவலகம் சென்றேன். எங்கள் புகைப்படம் பெரிதாக்கிச் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. நடுவில் நான்.

அந்தப் பெண்ணை மீண்டும் அமர்த்தவேண்டும் என்று அதிகாரியிடம் சொன்னேன். "தொண்டருங்க இருக்கும்போது சம்பளம் போட்டா மேல கேள்வி கேப்பாங்க ஐயா."

"நாங்க வரலேன்னா?"

"நீங்களா? நீங்க வராம இருப்பீங்களா!" என்று சிரித்தார். வசை கேட்டுத் தலைகுனிந்திருக்கிறேன். பாராட்டுக் கேட்டுத் தலைகுனிந்தது இன்றுதான்.

ஆனி 20, வெள்ளி

மன்றத்தை அவசரமாகக் கூட்டினேன். திங்கள் முதல் முன்வாசலில் நம்மில் ஒருவரும் நிற்கக்கூடாது என்றேன்.

உரைகாரர் எழுந்தார். "தொண்டை விடறதுக்கு எந்தப் பாட்டுல ஓய் ஆதாரம்?"

"விடலய்யா, இடம் மாத்தறோம். பின்வாசலுக்கு."

"லாரி வர்ற இடத்துக்கா?"

"பிள்ளைங்க வர்ற இடத்துக்கு."

பிறகு மன்றத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாகத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அப்போதே எனக்கு ஐயம் எழுந்திருக்க வேண்டும்.

ஆனி 23, திங்கள்

பின்வாசலில் நான் நின்றேன். ஒருவருக்கு இரத்த அழுத்தம். ஒருவருக்கு உறவினர் வீட்டுத் திருமணம். வங்கி மேலாளரின் தொலைபேசி அணைந்திருந்தது.

முதல் லாரி திரும்பும் நேரத்தில் உரைகாரர் குடையுடன் வந்து சேர்ந்தார். "தொண்டுக்குன்னு நினைச்சுக்காதீர். தனியா விட்டா நீர் தப்பும் தவறுமாப் பாடுவீர், அதான் வந்தேன்" என்றார். என் கண்கள் ஏன் கலங்கின என்று அவர் கேட்கவில்லை. தூசி என்று சொல்ல ஆயத்தமாயிருந்தேன்.

ஆனி 24, செவ்வாய்

மழை. ஒரு குடை. இருவர்.

ஆனி 26, வியாழன்

முன்வாசலில் கார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றனவாம். தந்தையர் இறங்கி வந்து சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்களாம். நடந்து வரும் பிள்ளைகள் இத்தனை காலம் எப்படிக் கடந்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. கார்கள் நின்றவுடன் தலைமையாசிரியை நகராட்சிக்கே போய்விட்டார். பகலில் அதிகாரி அழைத்தார்.

"ஐயா, உங்க ஆளுங்களைக் கொஞ்சம் முன்வாசலுக்கு அனுப்புங்க."

"எங்க ஆளுங்க பின்வாசல்ல வேலையா இருக்காங்க."

"எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்."

"அந்தப் படத்துல நிறைய பேர் இருந்தீங்களே?"

"அது படம்" என்றேன்.

ஆனி 27, வெள்ளி

முன்வாசலில் விசில் கேட்டது என்றார் உரைகாரர். அவருக்குக் காது மந்தம். நம்பவில்லை.

ஆனி 30, திங்கள்

உரைகாரர் சொன்னது சரி. இதை அவரிடம் சொல்லப்போவதில்லை.

விசிலக்கா திரும்பிவிட்டாள். முன்வாசலில் கார்கள் ஓய்ந்ததும் எங்களைப் பார்க்க வந்தாள். "அந்த நாற்காலியைத் தூக்கி உள்ள போட்டுட்டேன்யா. அதுதானே எனக்கு உலை வெச்சது." பின்வாசலுக்கும் சம்பளத்துக்கு ஆள் வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டாளாம். சுவரில் இருக்கும் எங்கள் படத்தைக் காட்டினார்களாம். "நான் விடப்போறதில்ல. மாசாமாசம் போய்க் கேப்பேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் சண்டை போடாம நிப்பீங்களா?" என்றாள். நிற்பதற்கு மட்டும் உறுதி கூறினோம்.

அவள் போன பிறகு அந்தச் சிறுமி வந்தாள். அதே புட்டி. அதே உருளல். நான் பலகையை உயர்த்தினேன்; லாரி தொலைவிலேயே நின்றது; அவள் புட்டியை எடுத்துத் துடைத்து, என்னைப் பார்த்துவிட்டுக் கடந்து போனாள்.

"இப்ப என்ன பாடினீர்? வாய் அசையவே இல்லையே" என்றார் உரைகாரர்.

எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் பாடவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

அவர் ஏதோ மறுக்க வாயெடுத்தார். மறுக்கவில்லை.

பெருமானே, பொறுத்தருள். இவ்வேட்டை என்றேனும் புரட்டும் கை நலமுற வாழ்க. அக்கைக்குரியோர் இல்லத்திலிருந்து காலையில் புறப்படும் சிறியோரும் பெரியோரும் மாலையில் ஒருவர் குறையாமல் திரும்பி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றுவாராக.