மொட்டு ரப்பர்

25-11-2002, திங்கள். மழை.

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். நைனாவிடம் காட்டாதீர்கள். பி.டி. சாரிடம் காட்டவே காட்டாதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன். முன்பக்கம் கணக்குப் பாடம்தான், வேண்டுமென்றால் அதைப் பாருங்கள்.

மூன்றாவது நாளாக மழை. தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் காயவைக்க முடியவில்லை. நைனா வாசலில் நின்று வானத்தை முறைத்துக்கொண்டு.

சார் சென்னையிலிருந்து பேட்டில் ஒட்டப் புது ரப்பர் கொண்டுவந்திருக்கிறார். சிவப்பு. வழவழ. விரலை வைத்தால் ஒட்டுகிறது. எங்கள் பள்ளி பேட்டில் இருக்கிற பழைய ரப்பர் மேலே மொட்டு மொட்டாக, நடுவில் தேய்ந்து. மூன்று வருடமாக அதில்தான் டேபிள் டென்னிஸ் ஆடுகிறேன். எதிராளி எவ்வளவு சுழற்றி அனுப்பினாலும் அது கண்டுகொள்ளாது. பந்து அமைதியாகத் திரும்பிப் போகும்.

சார் சொன்னார்: "பந்தையும் பெரிசு பண்ட்டாங்க. இருபத்தொண்ணு போயி பதினொண்ணு பாயிண்ட்ல முடியுது. தட்டிக்கினே இருந்தா ஆவாதும்மா மஞ்சுளா. அடிக்கணும்."

சனிக்கிழமை திருவள்ளூரில் மாவட்ட டீமுக்கு செலக்ஷன். போன வாரம் சார் நைனாவைக் கடைத்தெருவில் பிடித்துப் பேசினார். நைனா சொன்னது: "ஜெயிச்சா ஆடட்டும் சார். தோத்தா அத்தோட விட்டுடணும். பத்தாவது படிக்கிற பொண்ணு. வூட்ல தறிக்கு நூல் தார் சுத்தவும் ஆளில்ல."

ஒரே மேட்ச். அவ்வளவுதான்.

26, செவ்வாய். தூறல்.

சாரே பழைய ரப்பரை உரித்துப் புதுசை ஒட்டினார். பழசைத் தூக்கிப்போடச் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டு புவியியல் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆடினேன். அய்யோ. தொட்டாலே பறக்கிறது. ஒரு பந்து ஜன்னலில், ஒன்று டியூப்லைட்டில். நான் எப்போதும் ஜெயிக்கிற ஷகிலாவிடம் 11-3 தோற்றேன். அவள் சும்மா இருப்பாளா, எங்கள் ஊர் மலைக்கோயிலை இழுத்தாள்:

"ஏண்டி, பந்து மலைக்கா போவுது? சாமி பாக்கணும்னா நீ படியேறிப் போ. அத்த ஏண்டி அனுப்புற?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

சார் மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு மாசத்துல கைக்கு வந்துடும்" என்றார். எனக்கு இருப்பது மூன்று நாள்.

27, புதன்.

தார் சுற்றினது 40. மணிக்கட்டு வலி. அறிவியல் டெஸ்ட், சுமார்.

புதுசு - பத்து அடித்தால் நாலு விழுகிறது. அந்த நாலையும் ஷகிலாவால் தொடக்கூட முடியவில்லை. சத்தமே வேறே.
பழசு - பத்துக்கு ஒன்பது விழும். ஆனால் யாரும் பயப்பட மாட்டார்கள்.

எனக்கு பத்துக்கு ஒன்பது போதும். சாரிடம் சொல்ல வாய் வரவில்லை. சொந்தக் காசு போட்டு வாங்கினாராம்.

அம்மா கேட்டாள், "ஏம்மே, மூஞ்சி ஏன் இப்டிக் கீது?" தூக்கம் வருகிறது என்றேன். அது பொய்யும் இல்லை.

28, வியாழன். விடாத மழை.

செய்துவிட்டேன்.

பேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து புது ரப்பரை உரித்தேன். மெதுவாகத்தான் உரித்தேன். பாதியில் ஸ்பாஞ்ச் பிய்ந்துவிட்டது. ஐம்பது காசு அளவு பலகையிலேயே நின்றுபோனது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். இனி அதை யாராலும் ஒட்ட முடியாது. நூல் மூட்டைக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறேன்.

பழசை ஒட்ட பஞ்சர் சொல்யூஷன் வேண்டும். சைக்கிள் கடை மழைக்கு மூடியிருந்தது. அடுப்படியில் பாவுக்குக் காய்ச்சிய கஞ்சி சட்டி நிறைய அப்படியே இருந்தது. நூலையே கம்பி மாதிரி ஆக்குகிற கஞ்சி. இரண்டு கை பூசி, பழைய ரப்பரை வைத்து, மேலே அம்மிக் குழவி.

விரல் முழுக்கக் கஞ்சி. எழுத்து இப்படி இருப்பதற்கு அதுதான் காரணம்.

29, வெள்ளி.

காலையில் கல் மாதிரி ஒட்டியிருந்தது. லேசாகப் புளித்த வாசனை.

ஜுரம் என்று சொல்லி ஆடவில்லை. பேட்டை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. சார் கேட்டார்: "புது ரப்பர் இன்னா சொல்லுது?"

"நல்லாக்கீது சார்."

"ஆங். அப்டித்தான். காலைல ஆறு மணிக்கு ஸ்டேஷன்ல இரு."

அவர் சந்தோஷமாகப் போனார்.

30, சனி. மழை நின்றுவிட்டது. ராத்திரி எட்டரை.

வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

டேபிளுக்கு வந்த பிறகுதான் உறையைப் பிரித்தேன். சார் பார்த்தார். நாற்காலியை ஒரு அடி பின்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான்.

அம்பயர் பேட்டை வாங்கிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். "இன்னாம்மா, கூழ் வாசனை வருது?" ஹால் முழுக்கச் சிரிப்பு.

எதிராளி உயரமான பெண். அவள் சுழற்றியதெல்லாம் என் மொட்டு ரப்பரில் பட்டு அடங்கிப் போனது. முதல் கேம் 11-7, எனக்கு. இன்னும் ஒன்று எடுத்தால் போதும். சாரைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

இரண்டாவது கேம் 9-8. நான்தான் முன்னால். கை, பிடி, பேட் எல்லாம் வியர்வை. பந்து பட்டதும் 'டொக்' இல்லை, 'பொத்'. பார்த்தால் ரப்பர் ஒரு ஓரத்தில் கிளம்பி நிற்கிறது. கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு சர்வீஸ் போட்டேன். 9-9. அடுத்த பந்துக்கு ரப்பர் முழுசாகக் கழன்று டேபிள் மேலேயே விழுந்தது. பந்து வலையில்.

ஈரம் பட்டால் கஞ்சி விடும். எனக்குத் தெரியாதா? லுங்கி வாங்க வருகிறவர்களிடம் அம்மா தினமும் சொல்கிறாள், ஒரு தண்ணி போட்டா கஞ்சி போயிடும் என்று. நெசவுக்காரர் வீட்டுப் பெண். இது தோன்றவில்லை.

யாருடைய பேட்டையோ கொடுத்தார்கள். வழவழ ரப்பர். அந்த கேம் போனது. மூன்றாவது 11-8, அவளுக்கு. என் எட்டில் ஐந்து, நான் அடித்து வாங்கினது. நானா அடித்தேன் என்று இருந்தது.

ரயில் அரக்கோணம் தாண்டியது. சார், "புதுசு எங்க?" என்றார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கஞ்சி உட்பட. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டினால் தேவலை என்று இருந்தது.

ஸ்டேஷனில் இறங்கும்போது, "ஒம்போது மணிக்குள்ள வூட்டாண்ட வரேன். நைனாகிட்ட பேசணும்" என்றார். எதைப் பேசப்போகிறார் என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நைனா, "இன்னா ஆச்சி?" மழைல மேட்ச் நின்னுடுச்சி என்று சொல்லிவிட்டேன். வாயில் அதுதான் வந்தது. திருவள்ளூரில் இன்று ஒரு சொட்டுகூட இல்லை, ஆடியதும் ஹாலுக்குள். நைனா "ம்" என்று தறியில் போய் உட்கார்ந்துவிட்டார். நம்பிவிட்டார்.

சார் வந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும். தோற்றுவிட்டேன். எழுதியாகிவிட்டது, எழுத வருகிறது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து

கதவு. தறிச் சத்தம் நின்றுவிட்டது. "யாருங்க?" நைனா எழுந்துகொள்கிறார். இல்லை, நைனா, நீங்கள் இருங்கள், நான் போ