சிம்பாங் ரெங்கத்துக்கு ஒரு பாட்டு

சிம்பாங் ரெங்கம்,
ஜொகூர், மலேசியா.

அன்புள்ள பேத்தி சாந்தினிக்கு, உன் அப்பாயி ராசம்மா எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குச் சண்டை போட்டு நன்றாக இருக்கிறோம்.

முதலில் நல்ல சேதி. உன் பெரியப்பா மகன் வசந்தன் குளுவாங் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். பேர் போட்ட தகட்டைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் கோயிலுக்கே வருகிறான். உன் தம்பி கவின் எஸ்.பி.எம். பரீட்சையில் ஏழு ஏ வாங்கியிருக்கிறான். அத்தை மகள் மலர் ஜொகூர் பாருவில் வக்கீல் ஆபீசில் சேர்ந்துவிட்டாள். அயர்லாந்தில் நர்ஸாக ஒருத்தி இருப்பதைத்தான் தினமும் மார்க்கெட்டில் சொல்கிறேனே, அதை இங்கே எழுதவில்லை.

நீ ஃபோனில் அனுப்பிய உங்கள் அயர்லாந்து லீட்ரிம் மாவட்டத்துப் பாட்டுகளைப் பக்கத்து வீட்டு டொரத்தியோடு உட்கார்ந்து கேட்டேன். முதல் பாட்டு இழுத்து இழுத்து வந்ததும், இது மாதா பாட்டு, எழுந்திருங்க அக்கா என்று சிலுவை போட்டுக்கொண்டாள். நானும் தலைப்பைப் போர்த்திக் கும்பிட்டபடி நின்றேன். முட்டிவலி உயிர் போயிற்று. முடிந்த பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்து, நீ கீழே தமிழில் எழுதியிருந்த பொருளைப் படித்தால், சந்தையில் கழுதையை விற்றுக் குடித்தவன் பாட்டாம்! ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார் லா, ராகம் நல்லாத்தானே இருந்துச்சு என்கிறாள்.

ஆனால் கப்பலில் போகிறவன் பாடும் பாட்டு இருக்கிறதே, அதை ஒன்பது தடவை கேட்டேன். ஊர் அழகு என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாலம், ஏரி, எந்த வேலியில் ஓட்டை, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறான். அந்த ஊரில் என்னை இறக்கிவிட்டால் யாரையும் கேட்காமல் அவன் வீட்டு வாசலுக்குப் போய்விடுவேன். அந்தப் பாட்டைக் கட்டியவன் கைக்கு மோதிரம் போடலாம்.

அடுத்த மாதம் உனக்கும் டெக்லனுக்கும் நடக்கும் கல்யாண விருந்தில் ஆளாளுக்குத் தங்கள் ஊர்ப் பாட்டைப் பாடுவார்கள், என் பக்கம் பாட ஆளும் இல்லை, நம்ம ஊருக்குப் பாட்டும் இல்லை என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அப்பா திருச்செல்வம் வரமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். டெக்லனைத்தான் கட்டுவேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து, நாலு மாதமாக உன் பேரையே எடுப்பதில்லை.

பாட்டு இல்லையென்றால் என்ன, கட்டிவிட்டேன். ஐந்தாவதோடு நின்றவள் கட்டியது, தப்பு இருந்தால் திருத்திக்கொள்.

செம்பனை மரத்துக்குள்ளே செம்மண்ணுப் பாதையடி
சிம்பாங் ரெங்கம் தாண்டிவந்தா தெரியுமெங்க வீடடி
நாலுமணி மழைவந்தா துணியெடுக்க ஓடுவேன்
நானில்லாத கொடியிலிப்போ நனையுதெந்தத் துணியடி

தாலாட்டு ராகத்தில் பாடு, அங்கே யாருக்கும் தெரியாது. அடுப்படியில் நான் இதைப் பாடிப் பார்த்தபோது உன் அப்பா வாசற்படியில் நின்றிருந்தான். கடைசி வரை கேட்டுவிட்டு, மழை இப்பல்லாம் மூணரைக்கே வந்துருதும்மா என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நாலு மணி என்றே இருக்கட்டும். நீ இருந்தபோது நாலு மணிக்குத்தான் வந்தது.

தலை நிமிர்ந்து பாடு கண்ணு. குரல் நடுங்கினால் நடுங்கட்டும். நீங்கள் இரண்டு பேரும் நூறு வருஷம் ஒரே கூரையில் இருங்கள்.

கல்யாணம் முடிந்ததும் புதுப் படம் ஒன்று தபாலில் அனுப்பு. ஃபோனில் வேண்டாம், சட்டம் போட்டு மாட்டுகிற மாதிரி பெரிய படமாக. டெக்லனும் பக்கத்தில் நிற்கட்டும். உன் அப்பா சாப்பிட உட்காரும் இடத்துக்கு எதிர்ச்சுவரில் ஆணி அடித்தாயிற்று. அவனைத்தான் அடிக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் அடித்துக்கொடுத்தான். சீக்கிரம் அனுப்பு.

உன் அப்பாயி,
ராசம்மா