இணுவில் கிணறும் ஒரு பூச்சியமும்

மச்சான்,

இன்று காலை கொக்குவிலில் நாங்கள் வேலைசெய்த அறையை ஒதுக்கும்போது உன் கையெழுத்துள்ள ஒரு தண்ணீர்ப் போத்தல் அகப்பட்டது. மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. உரத்திலிருந்து கிணற்றில் இறங்கும் நைத்திரேற்று உப்புக்கு மணமோ நிறமோ கிடையாது என்று நான் சொன்னபோது, "அப்ப அது இருக்கெண்டு முதல்முதல் ஆருக்கு விளங்கினது?" என்று கேட்டவன் நீ. எனக்குத் தெரியாது. இன்னும் தேடிப் பார்க்கவில்லை.

நீயும் தொண்டர்களும் ஊர் ஊராய்ப் போய்க் கிணற்று நீரைச் சோதிப்பீர்கள். நீங்கள் தட்டி அனுப்பும் கோப்புகளை வாசித்து, எந்தக் கிணறு குடிக்க நல்லது என்று பட்டியல் போடும் கணினி நிரல் என்னுடையது. பச்சை நல்லது, சிவப்பு கூடாது. எண் இருக்கவேண்டிய இடத்தில் வேறேதும் இருந்தால் பூச்சியம் என்று எடுத்துக்கொண்டு மேலே போகும்படி எழுதியிருந்தேன். நிரல் நடுவில் நிற்காது என்பதில் எனக்குப் பெருமை வேறு.

இணுவில் பட்டியலைப் பார்த்து நீதான் மூக்கைச் சுருக்கினாய். "தோட்டத்துக்கு நடுவிலை இருக்கிற கிணறு. எவ்வளவு பசளை போடுறாங்கள். உதிலை எப்பிடியடா பூச்சியம் வரும்?"

மூலக் கோப்பைத் திறந்தோம். எண்ணுக்குப் பதில் "அளவுக்கு மேலை" என்று இருந்தது. சோதனைத் தாளின் கடைசி நிறத்தையும் தாண்டிவிட்டால் தொண்டர்கள் அப்படித்தான் எழுதுவார்களாம். ஆக, ஊரிலேயே மோசமான கிணறுகள்தான் என் பட்டியலில் மிகச் சுத்தமானவை.

உடனே அந்தக் கிணற்று வீட்டுக்குப் போனோம். அங்கே கைக்குழந்தை. எங்கள் பச்சையை நம்பி, அந்த நீரில்தான் தாய் பால்மா கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கணினிக் கோளாறு என்று சொல்லித் தப்பலாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். நீ முந்திவிட்டாய். "தங்கச்சி, எங்களுக்கு விளங்காததைப் பூச்சியமெண்டு போட்டிட்டம். பிழை எங்கடை. இந்தத் தண்ணியைப் பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ." நல்லகாலம், பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. எனக்கு உன்மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

இப்போது நிரல் ஊகிப்பதில்லை. எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டி, எழுதியவரிடம் கேட்கச் சொல்கிறது. முதல் பிழையோடு நின்றுவிடாமல் கோப்பு முழுவதையும் பார்த்து எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறது. அதுவும் நீ கேட்டதுதான். விளங்காத கிணற்றுக்கு நிறமே போடுவதில்லை.

நீ செத்து எட்டாம் நாள், உன் எட்டுச்செலவுப் படையல் முடிந்து ஆட்கள் போனபின் உன் மனைவி கேட்டார்: "நெஞ்சு நோகுதெண்டு உங்களிட்டையாவது சொன்னவரோ, அண்ணை?"

வலி ஒன்றும் இருந்திருக்காது என்று ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். "தெரியேல்லை தங்கச்சி. கடைசியாக் கண்ட அண்டைக்கு நெஞ்சைத் தடவிக்கொண்டு இருந்தவன். நான் ஏனெண்டு கேக்கேல்லை."

நீயென்றால் கேட்டிருப்பாய், மச்சான்.