பின் சீட்டில் அம்மா

அண்ணா,

அம்மா ஆஸ்பத்திரிக்கு வர மறுப்பதற்கு நீதான் காரணம்.

அப்பாவின் பழைய காருக்கு விறைப்பான ஸ்பிரிங் போட்டாய். வளைவில் வண்டி சாயவே இல்லை என்று குதித்தாய். நீ குடிபோன பக்கம் ரோடு வழவழவென்று இருக்கிறது. எங்கள் தெருவுக்குத் தார் போட எவனுக்கும் நேரமில்லை. இங்குள்ள ஒவ்வொரு குழியும் ஆபரேஷன் செய்த அம்மாவின் முதுகில் இறங்குகிறது.

முன்பெல்லாம் அந்தப் பின் சீட்டில் படகில் மிதப்பதுபோல் சிரித்தபடி தூங்குவாள். மர நிழல்கள் அவள் முகத்தின் மேல் நகர்ந்துகொண்டே இருக்கும். நேற்று மதியம் தூக்கத்தில் அப்படியே சிரித்தாள். எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "அந்தக் கார்லயா? ஆளை விடுடி" என்கிறாள்.

மெக்கானிக் அக்காவிடம் கேட்டேன். "பழைய ஸ்பிரிங்கோட நல்ல ஷாக் அப்சார்பர் போட்டா வண்டி மெத்துன்னும் இருக்கும், ஆடி அலையவும் செய்யாது. வளைவுல உங்கண்ணன்தான் கொஞ்சம் அடங்கணும்" என்றாள்.

நீ கழற்றிய பழைய ஸ்பிரிங்கைக் கொண்டுவா. அடங்குவாயா, மாட்டாயா? சொல்.

தங்கை