எனக்குப் போட்ட எழுபத்திரண்டு மதிப்பெண்ணை ரத்து செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
தையல்காரர், வரிசை எண் 14,
மாலை நேர எழுத்தறிவு வகுப்பு,
நூலக மாடி.

பெறுநர்:
முதியோர் கல்வி அதிகாரி அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: இறுதித் தேர்வுத் தாள்களைத் திருத்தாமலேயே மதிப்பெண் போட்டது – கட்டைப் பிரித்துத் திருத்த வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். அறுபத்தெட்டு வயதில் எழுதப் பழகியவன். இந்த மனுவை எழுத மூன்று நாள் ஆயிற்று. விஷயம் வருத்தமானதுதான், ஆனாலும் எழுதிய மூன்று நாளும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

1. நாற்பத்தைந்து வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். எண் தெரியும், எழுத்து தெரியாது. அளவு நோட்டில் பெயருக்குப் பதிலாக மீசை, கண்ணாடி, தொப்பை என்று படம் போட்டே காலத்தை ஓட்டினேன். சென்ற வருடம்தான் வகுப்பில் சேர்ந்தேன்.

2. எனக்குக் கணக்கு வருவதைக் கண்டு, டீச்சர் சராசரியும் திட்ட விலக்கமும் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். இருபது பேரின் மார்பளவைக் கூட்டி இருபதால் வகுத்தால் சராசரி. ஒவ்வொருவரும் அதிலிருந்து எத்தனை இன்ச் தள்ளி நிற்கிறார் என்று கண்டு, அதை அதனாலேயே பெருக்கி, அவற்றுக்குச் சராசரி எடுத்து, வர்க்கமூலம் கண்டால் திட்ட விலக்கம். "சராசரிக்குச் சட்டை தைச்சா யாருக்குய்யா சேரும்? விலக்கத்தையும் பாக்கணும்" என்றார். அன்றைக்கு அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

3. இறுதித் தேர்வு முடிந்ததும் இருபது பேரின் தாள்களையும் துணி உறையில் வைத்து, டீச்சர் சொன்னபடி நானே பச்சை நூலால் தைத்து மூடினேன். கடைசியில் என் வழக்கப்படி இரட்டை முடிச்சு.

4. இரண்டு வாரத்தில் மதிப்பெண் பட்டியல் ஒட்டப்பட்டது. எனக்கு 72. "நான் படிச்சப்பவே இவ்வளவு வாங்கினதில்ல. இனிமே உங்ககிட்ட மரியாதையாத்தான் பேசணும் போல" என்றாள் என் மனைவி. தெருவில் பாதிப் பேருக்கு நானே சொல்லிவிட்டேன்.

5. ஆசைக்கு அந்தப் பட்டியலுக்கு விலக்கம் போட்டுப் பார்த்தேன். ஐந்து பேருக்கு 71, பத்துப் பேருக்கு 72, ஐந்து பேருக்கு 73. சராசரி 72. விலக்கம் 0.7. மூன்று முறை போட்டும் அதேதான். இதே இருபது பேருக்கு இடைத்தேர்வில் சராசரி 48, விலக்கம் 19. தாள் மேலேயே தலைவைத்துத் தூங்கிய சுமைதூக்கி நண்பருக்கு 73. என்னைவிட ஒன்று அதிகம்.

6. வகுப்புக்குப் போய் டீச்சரிடம் கேட்டேன். அலமாரி மேல்தட்டில் என் துணிக்கட்டு. ஒரு தையல்கூடப் பிரியவில்லை. "சராசரி அறுபதுக்குக் கீழ போனா வகுப்பையே மூடிருவாங்கய்யா. உங்களுக்காகத்தான் போட்டேன். பாஸ்தானே, விடுங்க" என்றார் டீச்சர். பிரித்துக்கூடப் பார்க்காமல் நாங்கள் தேறமாட்டோம் என்று முடிவு கட்டிவிட்டாரே என்பதுதான் ஐயா, நெஞ்சை அறுக்கிறது. வேறு யார் செய்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

7. கடைசிக் கேள்வி, உறவினர் ஒருவருக்குக் கடிதம் எழுதுவது. என் மனைவிக்கு எழுதினேன். எனக்கு வந்த ஒவ்வொரு காகிதத்தையும் இத்தனை வருடம் படித்துச் சொன்னவள். அவளுக்கு நான் எழுதிய முதல் கடிதம் அது. கட்டுக்குள் கிடக்கிறது. ஒருவரும் படிக்கவில்லை.

ஆகவே, கட்டைத் தங்கள் முன்னிலையில் பிரித்துத் திருத்தி, வருகிற மதிப்பெண்ணைப் போட வேண்டுகிறேன். முட்டை வந்தாலும் வாங்கிக்கொள்கிறேன். டீச்சர் மேல் நடவடிக்கை வேண்டாம். என் கோபம் என்னோடு இருக்கட்டும். சராசரி அறுபதுக்குக் கீழே போனாலும் வகுப்பை மூடாமல், விலக்கத்தையும் பாருங்கள். திருத்தியபின் அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் என்னிடம் கொடுத்தால் போதும். உரியவரிடம் சேர்த்துவிடுவேன்.

பதில் வரும்வரை வாரம் ஒரு மனு எழுதுவதாக இருக்கிறேன். அடுத்தது வரும் செவ்வாய்க்கிழமை. காகிதம் வாங்கி வைத்துவிட்டேன்.

இடம்: தையல் கடை
நாள்: இம்மாதம் 11, செவ்வாய்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
தையல்காரர்